மெட்டு ஏறும் ஜீப்பில் ஒரு மறைக்கல்வி

மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் வேதியர் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலில் குழந்தைகளைத்தான் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, ஒரு கூட்டம் வாண்டுகளை உட்கார வைத்து, மறைக்கல்வி எடுங்கள் என்பார்கள். சந்தோஷமாக எடுங்கள். குழந்தைகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும், பாட்டுப் பாடும், கிறிஸ்மஸ் நாடகத்தில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இடையராக நிற்கும். பெற்றோர் போனில் படம் எடுப்பார்கள். பங்குச் சாமியார் எல்லார் முன்னாலும் உங்களைப் பாராட்டுவார். வேதியர் வேலை இவ்வளவுதானா என்று உங்களுக்கே தோன்றிவிடும். அந்தப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே அப்பாவும் அம்மாவும், நான் அவர்களைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் வேதியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நான் வந்த புதிதில் பெண் வேதியரை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் பிடிபடவில்லை. வேதியரை உபதேசியார் என்றும் சொல்வார்கள், ஆனால் 'உபதேசியாரம்மா' என்றால் உபதேசியாரின் மனைவி என்று நினைத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரரோ வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் பார்த்தவர், உபதேசம் என்றாலே செருப்பைத் தேடுகிற ஆள். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து 'டீச்சர்' என்று முடிவு செய்துவிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் பெயர் நின்றுவிட்டது.

நம் பெரியவர்களிடம் ஒரு வினோதம் உண்டு. பத்து வயதில் முதல் நற்கருணையாகிய புதுநன்மை வாங்கும்போது தைத்த சட்டையை இன்றைக்குப் போட்டுக்கொண்டு வா என்றால் சிரிப்பார்கள். ஆனால் அந்த வயதில் படித்த ஞானோபதேசக் கேள்வி பதிலை மட்டும் நாற்பதிலும் அறுபதிலும் அப்படியே போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். கல்யாணம், கடன், சாவு, புருஷன் குடி, பிள்ளைகள் பிரிவு என்று எல்லாம் வந்து ஏறிவிட்டது, சட்டை அதே சட்டை. எங்கே இறுக்குகிறது என்று வெளியே சொல்லவும் மாட்டார்கள். "படிக்க வாங்களேன்" என்று கூப்பிட்டால், "அதெல்லாம் சின்னதுலயே படிச்சு முடிச்சாச்சு டீச்சர்" என்று பதில் வரும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பூசைக்கு வருகிறவர்களை வாசலில் மறித்து வகுப்புக்கு இழுத்துப் பார்த்தேன். ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில் இருக்கிறார்கள், துணி துவைக்க வேண்டும், ரேஷன் வாங்க வேண்டும், கறி எடுக்க வேண்டும். என்னைக் கண்டதும் பக்கவாட்டு வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார்கள்.

அப்போது இருந்த பங்குச் சாமியார் அதிகம் பேசாதவர். நான் போய்ப் புலம்பியதும் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவுக உங்ககிட்ட வரலைன்னு சொல்றீக. நீங்க அவுககிட்டப் போனீகளா?" என்றார். அவ்வளவுதான், பிரேவியரி செபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரம். வீடு வீடாக ஏறி இறங்குகிறவளைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா? இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. நான் வீட்டுக்குப் போனேன் என்பது சரி, அவர்கள் வீட்டில் எங்கே இருந்தார்கள்? விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விடுகிறார்கள், பொழுது சாய்ந்து வருகிறார்கள்.

நான் இருந்தது தேவாரத்துப் பக்கம் அடிவாரத்தில் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒரு கிளைக் கிராமம். சின்னக் கோயில், மாதத்துக்கு ஓரிரு முறை பூசை. பெண்களில் பெரும்பாலோருக்குக் கேரளப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. ஊர் முனையில் ஜீப் நிற்கும். எத்தனை பேர் ஏற முடியும் என்பதற்கு அந்த ஜீப்பில் கணக்கே கிடையாது. மடியில் ஒருவர், காலடியில் ஒருவர், தூக்குவாளிகள் எல்லாம் ஒரே குவியல். மெட்டு என்கிற மலைக் கணவாய்ப் பாதையில் ஏறி, செக்போஸ்ட் தாண்டி, தோட்டம் போய்ச் சேரும் வரைக்கும் பேச்சு ஓயாது. அதுதான் என் வகுப்பறை என்று முடிவு செய்தேன்.

டிரைவர் ராசுவிடம் கேட்டேன். அவன் இந்துப் பையன், நல்ல மனசு. "டீச்சர், தோட்டத்துல வேலை பாக்குற ஆளத்தான் ஏத்துவேன். சும்மா வாரதுன்னா சூப்பர்வைசர் சேட்டன் என்னைய வைவாரு" என்றான். சரி, வேலையும் பார்க்கிறேன் என்று வாரத்தில் ஒரு நாள் காய் எடுக்கப் போனேன். ஏலச்செடிக்கு அடியில் குனிந்து, முற்றின காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். நான் பிஞ்சையும் சேர்த்துப் பிடுங்கினேன். காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியாமல் நின்றேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து என்னைக் கண்டு யாரும் பக்கவாட்டு வாசலைத் தேடவில்லை. ஒன்றும் தெரியாதவளாக ஒரு நாள் அவர்கள் நடுவில் நின்று பாருங்கள், உங்கள் மேல் அவர்களுக்கு இருக்கும் பயம் தெளிந்துவிடும்.

அந்த ஜீப்பில் முன்சீட்டு மிக்கேலம்மாள் அக்காவுக்கு. அறுபது தாண்டியவர், மாதா சபைத் தலைவி. ஊரில் யார் செத்தாலும் செபம் சொல்ல அவர்தான் முதலில் போய் உட்காருவார். கணீரென்ற குரல். முதல் வளைவில் இருக்கும் காவல் தெய்வத்துக்கு ராசு சூடம் ஏற்றுவதற்காக வண்டியை நிறுத்தினால், "ஏலே, சீக்கிரம் வாலே, நான் செபமாலை ஆரம்பிக்கணும்" என்று அவனை விரட்டுவார். அவனும் "முடிஞ்சுச்சு ஆத்தா" என்று ஓடி வருவான். சின்ன வயதில் படித்த ஞானோபதேசம் முழுக்க அவருக்கு மனப்பாடம். கேள்வியைப் பாதி கேட்டாலே பதில் வந்து விழும். படிப்பு அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான், ஆனால் மறைக்கல்வியில் அவருக்குக் கிடைத்த வெள்ளிப் பதக்கத்தை இன்னும் அலமாரியில் வைத்திருந்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். காய்ச்சலில் கிடந்தபோது சுக்குக் கஷாயம் வைத்துக் கொண்டு வந்து, குடித்து முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்து நின்றவர் அவர். எதையும் அவரோடு விவாதிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாரம் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் சொன்னேன்: குழந்தை பிழைக்காது என்ற நிலைமையில் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யாரும் கொடுக்கலாம், பெண்களும் கொடுக்கலாம். கோயிலில் மந்திரித்த தீர்த்தம்தான் வேண்டும் என்பதில்லை, குடிக்கிற தண்ணீர் போதும். தலையில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொன்னால் அது முழுமையான ஞானஸ்நானம். பெண்கள் ஆச்சரியமாகக் கேட்டார்கள். மிக்கேலம்மாள் அக்கா, "இது தெரியாதாக்கும்" என்று எல்லாரையும் பார்த்தார். பின்னால் மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா மட்டும் வெளியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லாவுக்கு முப்பது வயதிருக்கும். கொத்தனாருக்கு வாக்கப்பட்டவள். சிரித்த முகம், வம்புக்கு முதல் ஆள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. சில வருஷம் முன்னால் அவளுக்கு ஒரு குழந்தை பிறந்து இறந்தது என்று கேள்விப்பட்டிருந்தேன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஜீப் ஏறியதும் செபமாலை முடியும் வரைதான் பொறுத்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கவா? தண்ணி ஊத்தாம செத்துப்போன புள்ள எங்கன போகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் முன்சீட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி மிக்கேலம்மாள் அக்கா சொன்னார்: "ஞானஸ்நானம் வாங்காத புள்ள மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது. நோவு இல்லாத ஒரு எடத்துல கெடக்கும். ஆண்டவரோட மொகத்த மட்டும் என்னைக்கும் பாக்காது."

அடுத்த வளைவு வந்தது. ஸ்டெல்லா ராசுவின் சீட்டை முதுகுப்பக்கம் தட்டினாள்.

"வண்டிய நிறுத்து. நான் எறங்கணும்."

"இங்கனயா? நடு மலைல எறங்கி என்ன செய்யப்போற?"

"நிறுத்துன்னு சொல்றேன்ல."

அவள் இறங்கிவிட்டாள். இந்த இடத்தில் ஒரு வேதியர் என்ன செய்ய வேண்டும் என்று உங்களைக் கேட்டால், பாதிப் பேர் "மிக்கேலம்மாள் சொன்னது சரியில்லை என்று உடனே எல்லார் முன்னாலும் விளக்கியிருப்பேன்" என்பீர்கள். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. படித்தவள் நான், பயிற்சிக்குப் போனவள் நான், தப்பான பதிலைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. ஆனால் நான் வாதாட ஆரம்பித்தால் அது எனக்கும் அக்காவுக்கும் நடக்கிற வழக்காகிவிடும். ஊரே அக்கா பக்கம் ஒரு பாதி, என் பக்கம் ஒரு பாதி நிற்கும். அந்த வழக்கு முடியும் வரை ஒரு தாய் நடுரோட்டில் நிற்பாள். நான் பதிலை விழுங்கிவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ராசு தலையை வெளியே நீட்டி, "டீச்சர், கீழ போற வண்டிக்குப் போன் போடுறேன். வாயும் வயிறுமா இருக்குற புள்ள, பாத்து உக்கார வையுங்க" என்றான். ஜீப் ஏறிப் போய்விட்டது.

ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். கீழே பள்ளத்தாக்கு பனியில் மூடிக் கிடந்தது. அவளாகச் சொல்லட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பெரிய வேலை, என் வாயைப் பற்றி என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

பிறகு அவளே சொன்னாள். முதல் பிள்ளைக்குக் குறை மாதத்தில் வலி வந்துவிட்டது. நல்ல மழை, ஆம்புலன்ஸ் வருவதற்குள் வீட்டிலேயே பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"ஞானஸ்நானம் குடுக்கணும்னு எனக்குத் தெரியும் டீச்சர். சின்னதுல படிச்சது ஞாபகம் வந்துச்சு. ஆனா மந்திரிச்ச தீர்த்தத்துலதான் குடுக்கணும்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரரக் கோயிலுக்கு வெரட்டுனேன். கோயில் பூட்டிருக்கு. சாவி வச்சிருக்குற ஆளத் தேடிப் போயி, தொறந்து, தீர்த்தம் எடுத்துட்டு ஓடி வந்தாக. அதுக்குள்ள புள்ள போயிருச்சு." சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "தலமாட்டுலதான் டீச்சர் சொம்பு நெறையத் தண்ணி இருந்துச்சு. நான் குடிக்கிறதுக்குன்னு வச்சிருந்த தண்ணி. போன வாரம் நீங்க சொல்றப்பத்தான் அது போதும்னு எனக்குத் தெரியும்."

நான் ஜீப்பில் குலுங்கிக்கொண்டே சொன்ன ஒரு தகவல், ஒரு வாரமாக இவளைத் தூங்கவிடாமல் அடித்திருக்கிறது. அவள் பாதியை மட்டும் தெரிந்து வைத்திருந்தாள். ஞானஸ்நானம் வேண்டும் என்கிற பாதி பத்து வயதில் கிடைத்துவிட்டது. எந்தத் தண்ணீரும் போதும் என்கிற பாதியைப் பெரியவளான பிறகு யாரும் வந்து கொடுக்கவில்லை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "மிக்கேலம்மா அக்கா சொன்னது அந்தக் காலத்துல அப்பிடிச் சொல்லிக் குடுத்தாக ஸ்டெல்லா. அது திருச்சபையோட விசுவாசக் கோட்பாடு கெடையாது. அப்பிடிப்பட்ட புள்ளைகள ஆண்டவரோட எரக்கத்துல ஒப்படைக்கிறோம், அவரு கைவிட மாட்டாருன்னு நம்புறோம். இன்னைக்குச் சபை சொல்றது அதுதான். சின்னப் புள்ளைகள எங்கிட்ட வர விடுங்கன்னு சொன்னவரு அவருதான? நீ தீர்த்தத்துக்கு ஆள வெரட்டுனியே, அந்தத் தவிப்பு அவருக்குத் தெரியாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நன்றியோடுதான் பார்த்தாள். ஆனால் நம்பவில்லை.

"நீங்க என்னைய ஆத்துறதுக்குச் சொல்றீக டீச்சர். மிக்கேலம்மா பெரியம்மாவுக்கு அப்பிடியெல்லாம் மாத்திச் சொல்லத் தெரியாது."

கீழே போகிற ஜீப் வந்தது. ஏறும்போது வயிற்றைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "இதையாவது கோயில்ல சேத்துக்கிருவாகளா? மொதப் புள்ளய பெரியம்மா சொன்ன அந்த எடத்துல விட்டுட்டு இதை மட்டும் தூக்கிட்டு நான் எப்பிடி டீச்சர் கோயிலுக்கு வாரது?"

தம்பிகளே, தங்கைகளே, சரியான பதிலைத் தெரிந்து வைத்திருப்பது நம் வேலையில் ஒரு பாதிதான். அதை யார் வாயால் கேட்டால் அவர்கள் நம்புவார்கள் என்று தெரிந்துகொள்வது மறு பாதி. ஸ்டெல்லாவின் அப்பா செத்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடியச் செபம் சொன்னது மிக்கேலம்மாள். நான் வெளியூரிலிருந்து வந்த டீச்சர். அவளுக்கு மோட்சத்துக் கதவு அக்காவின் குரலில்தான் மூடிக்கொண்டது, அதே குரலில்தான் திறக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முதல் கேள்வியே, "அந்தப் புள்ளைக்கு வாந்தி நின்னுச்சா? மலை ஏறுனா வகுத்தப் பெரட்டத்தான் செய்யும். எலுமிச்சங்கா ஊறுகா எடுத்து வச்சிருக்கேன், போறப்பக் குடுத்துட்டுப் போங்க" என்றார். நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. தான் சொன்ன பதிலால் ஒருத்தி இறங்கிப் போனாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. மனசார ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மொச்சை உரித்தேன். பிறகு ஸ்டெல்லா சொன்னதை, அவள் அனுமதியோடு, முழுவதும் சொன்னேன். சபை இப்போது என்ன சொல்கிறது என்பதையும் சொன்னேன்.

அவர் கை நின்றது. முகம் சிவந்தது.

"அப்ப எனக்குச் சொல்லிக் குடுத்த கன்னியர் மடத்து மதர் பொய்யா சொன்னாக?"

"இல்லக்கா. அவுகளுக்குச் சொல்லிக் குடுத்தத அவுக நம்பிச் சொன்னாக. அதுக்கப்புறம் சபை இதை ரொம்ப யோசிச்சிருக்கு."

"எப்ப?"

"பல வருசம் ஆச்சுக்கா."

"பல வருசம் ஆச்சு." அக்கா என்னை நேராகப் பார்த்தார். "நான் பூசை தவறாம முன்னாடிதான உக்காந்திருக்கேன்? ஒளிஞ்சா கெடந்தேன்? யோசிச்சத எனக்கு ஏன் ஒருத்தரும் வந்து சொல்லல?"

பெரியவர்கள் படிக்க வருவதில்லை என்று நாம் கூட்டம் போட்டுப் புலம்புகிறோம். அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நாமே ஒரு பதக்கத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்பதை யாரும் சொல்வதில்லை.

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"எனக்கு ஒரு தம்பி பொறந்தான் டீச்சர். பொறந்தன்னைக்கே, தண்ணி ஊத்துறதுக்குள்ள போயிட்டான். அப்ப நான் ஞானோபதேச வகுப்புல மொத ஆளு. என் தம்பி எங்க போயிருப்பான்னு மதர்ட்ட கேட்டேன். அவுக பதிலச் சொன்னாக. நான் அதை நல்லாப் பாடம் பண்ணிக்கிட்டு வீட்டுக்கு ஓடியாந்தேன். எங்காத்தா அடுப்படில இருந்துச்சு. முன்னாடி கையக் கட்டி நின்னுக்கிட்டு அப்பிடியே ஒப்பிச்சேன்."

"ஆத்தா என்ன சொன்னாக?"

"நல்லாப் படிச்சிருக்க தாயின்னு என் தலையத் தடவுச்சு. அப்புறம் கொழம்பக் கிண்டிக்கிட்டு இருந்துச்சு." மொச்சைத் தோலைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டே இருந்தார். "சாகுற வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்த பேசல. நானும் மறந்துட்டேன். இப்ப நீங்க சொல்றப்பத்தான் டீச்சர் அந்த மொகம் எனக்குத் தெரியுது. எங்காத்தாகிட்ட நாந்தான் போயிச் சொல்லிருக்கேன்."

நான் அழுதுவிட்டேன், மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு சிறுமி நன்றாகப் படித்தாள், அவ்வளவுதான் அவள் செய்தது. அவளைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

"ஸ்டெல்லாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்க்கா" என்றேன்.

"என்னன்னு சொல்ல? நேத்து ஒண்ணு சொன்னேன், இன்னைக்கு ஒண்ணு சொல்றேன்னா? எனக்கே இன்னும் உள்ள எறங்கல. போங்க டீச்சர்."

போய்விட்டேன். வற்புறுத்தியிருந்தால் அன்றைக்கே எனக்காக ஸ்டெல்லாவிடம் போய் எதையோ சொல்லியிருப்பார், அதையும் ஒப்பித்திருப்பார். பெரியவர்களுக்கு ஒரு விஷயம் உள்ளே இறங்க நாளாகும். அந்த நாளை நாம் கொடுக்க வேண்டும், பிடுங்கக் கூடாது. இது எனக்கு எளிதாக இருந்தது என்று நினைக்காதீர்கள். அந்த நாட்களில் ஸ்டெல்லா ஜீப்புக்கு வரவில்லை, பூசைக்கும் வரவில்லை. அக்கா ஜீப்பில் செபமாலை சொன்னார், அதற்கு மேல் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. ராசுகூட, "என்ன டீச்சர், ஆத்தாவுக்கு ஒடம்பு சரியில்லயா? என்னைய வையவே மாட்டேங்குது" என்று கேட்டான். ஒரு நாள் பங்குப் பூசை முடிந்ததும் அக்கா தனியாகச் சாமியாரின் அறைக்குள் போனதைப் பார்த்தேன். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

அப்படியே கல்லறைத் திருநாள் வந்தது. ஐப்பசி மழை விட்ட காலை. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் சின்னது. எல்லாரும் புல் செதுக்கி, வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, அவரவர் வீட்டுக் கல்லறையில் நிற்பார்கள். சாமியார் தீர்த்தத்தோடு ஒவ்வொரு வரிசையாக வந்து மந்திரிப்பார். மிக்கேலம்மாள் அக்கா முன்னால் நடந்து மன்றாட்டுச் சொல்லிக்கொண்டே போவார், கடைசி வரிசை முடிந்ததும் "முடிஞ்சுச்சு சாமி" என்று சொல்வதும் அவர்தான். ஞானஸ்நானம் வாங்காத குழந்தைகளை இந்த மதிலுக்கு உள்ளே புதைக்கிற வழக்கம் அந்த ஊரில் இருந்ததில்லை. மதிலுக்குப் பின்னால் முள்ளுக் காட்டில் புதைத்துவிடுவார்கள். ஸ்டெல்லாவின் பிள்ளையும் அங்கேதான், அங்கே யாரும் பூ வைப்பதில்லை.

ஸ்டெல்லா புருஷனோடு தன் அப்பா கல்லறையில் நின்றாள். முகம் வாடியிருந்தது. அடுத்த வரிசையில்தான் மிக்கேலம்மாள் அக்காவின் அம்மா கல்லறை. சாமியார் அங்கே வந்து தீர்த்தம் தெளித்ததும் அக்கா நகரவில்லை. மன்றாட்டையும் நிறுத்திவிட்டார். கல்லறைக்கு முன்னால் மெல்ல உட்கார்ந்து, சிலுவையில் கை வைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"ஆத்தா," என்றார். "நான் அன்னைக்கு வந்து ஒப்பிச்சது சரியில்ல ஆத்தா. எனக்கு இப்பத்தான் சொல்றாக. தம்பி இருட்டுல இல்ல. ஆண்டவரு கைல இருக்கான். அவன எப்பிடி எடுத்துக்கிட்டாருன்னு எனக்குத் தெரியாது, சாமிகிட்டயும் கேட்டேன், அவுகளும் அதை ஆண்டவருகிட்ட விட்டுருன்னுதான் சொன்னாக. விட்டுட்டேன் ஆத்தா. நீ இந்நேரம் அவனப் பாத்திருப்ப, உனக்குத் தெரியும். நான்தான் தெரியாம இருந்துட்டேன்."

அந்தக் கணீரென்ற பழைய குரல் திரும்பியிருந்தது. தோட்டம் முழுக்கக் கேட்டது. என் பேச்சை ஆறுதல் என்று தள்ளிய ஸ்டெல்லா இதை எப்படித் தள்ளுவாள்? பெற்ற தாயின் கல்லறையில் கை வைத்து யாரும் ஒப்புக்குப் பேசமாட்டார்கள். அவள் வரிசையைத் தாண்டி வந்து அக்காவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, எம்புள்ளையுமா?"

"எல்லாப் புள்ளையும்தான் தாயி." அக்கா அவளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். "தப்பாச் சொல்லிட்டேன், பெரியம்மாவ மன்னிச்சுக்க."

ஸ்டெல்லா வாய்விட்டு அழுதாள். அவள் புருஷன் தள்ளி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாமியார் பொறுமையாக நின்றார். பிறகு அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூக்கை உறிஞ்சி, விட்ட இடத்திலிருந்து மன்றாட்டைத் தொடங்கி, வரிசைகளை முடித்துவைத்தார். கடைசிக் கல்லறையும் ஆயிற்று. சாமியார் தீர்த்தச் செம்பைப் பூசைக்கு உதவும் பீடச்சிறுவனிடம் கொடுக்கப் போனார்.

"சாமி, இன்னும் முடியல" என்றார் அக்கா. "செவுத்துக்கு அங்கிட்டு நம்ம புள்ளைக கெடக்குதுக."

சாமியார் ஒரு கணம் அவரைப் பார்த்தார், செம்பைக் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். கூட்டம் வாசலை நோக்கித் திரும்பியது. எனக்குத் தெரியாத இரண்டு மூன்று வயதான பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கூடவே வந்தார்கள், அவர்களுக்கும் அங்கே யாரோ இருந்திருக்கிறார்கள். மதிலைச் சுற்றிப் பின்பக்கம் போனால் முள்ளும் புதரும்தான், கல் இல்லை, சிலுவை இல்லை. சாமியார் எங்கே தெளிப்பது என்று தெரியாமல் நின்றார். ஸ்டெல்லா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முள்ளை விலக்கி, "இங்கன சாமி" என்று முன்னால் நடந்தாள்.